யார் சொல்லித் தெரிந்தது?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் வித்துராவைக் கடந்துதான் போக வேண்டும். ரப்பர் தோட்டங்களுக்குப் பின்னால் அகத்தியமலைக் காடு தொடங்கும் ஊர் இது. ஊரையொட்டிய மருதாமலைச் சரிவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. ஐசர் என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். 2008-இல் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தொடங்கிய நிறுவனம், பிறகு இந்த மலைக்கு வந்தது. அதே பொன்முடிச் சாலையில் இன்னும் கொஞ்சம் ஏறினால் கல்லாறு. அங்கே காட்டுக்குள் மொட்டமூடு என்னும் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பில் லட்சுமிக்குட்டி அம்மாவின் வீடு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். மருத்துவச்சியாக இருந்த தாயிடம் கற்றதில் தொடங்கி, சுமார் 500 மூலிகை மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர். 1995-இல் கேரள அரசு அவருக்கு நாட்டு வைத்திய ரத்னா விருது தந்தது. 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ தந்தது.

ஒரே சாலையில் இரண்டு முகவரிகள். இவற்றில் எதில் அறிவாளி இருக்கிறார் என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவோம். ஆய்வகம் இல்லாத இடத்தில் அறிவு ஏது என்பார் ஒருவர். காட்டில் இருப்பதுதான் அசல் அறிவு, மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது என்பார் இன்னொருவர். எதிரெதிர்க் கட்சிபோலத் தெரியும் இந்த இருவரிடமும் ஒரு பொதுக்குணம் உண்டு. இருவருமே மருதாமலைக்கும் போகவில்லை, மொட்டமூட்டுக்கும் போகவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது முடிவாகிவிட்டதால், அங்கே இருப்பவர்களிடம் கேட்பதற்கு அவர்களுக்கு எதுவும் இல்லை.

போலி அறிவுஜீவியை அடையாளம் காண எத்தனையோ வழி சொல்கிறார்கள். கடினமான சொற்களைப் போட்டுப் பேசுவார், மேற்கோள்களை அடுக்குவார், தோற்றத்தில் அக்கறை காட்டுவார் என்கிறார்கள். இவை எதுவும் உறுதியான அளவுகோல் இல்லை. நல்ல அறிஞர்கள் பலர் கடினமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எளிமையாகப் பேசியே ஊரை ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. இது உங்களுக்கு யார் சொல்லித் தெரிந்தது? இதில் உங்களுக்கு எதுவரை தெரியும்? உண்மையான அறிவாளி இரண்டுக்கும் பதில் வைத்திருப்பார். அந்தப் பதிலால் தன் பெருமை கொஞ்சம் குறைந்தாலும் சொல்லிவிடுவார். போலிக்கு இரண்டுமே இடைஞ்சலான கேள்விகள்.

இதை இந்த மலைத்தொடரிலேயே நடந்த ஒரு கதையை வைத்துப் பார்க்கலாம்.

1987 டிசம்பர்

அந்த மாதம் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அகத்தியமலைக் காடுகளில் ஏறியது. பழங்குடி மக்கள் தாவரங்களையும் விலங்குகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நாடு முழுவதும் ஆராய்ந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் ஒரு பகுதி அந்தப் பயணம். காணிக்காரர்கள் சிலர் வழிகாட்டிகளாக முன்னால் நடந்தார்கள். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஒரு சிறு காயைக் கிள்ளி மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. குலத்துக்குள் மறைவாக வைத்திருந்த செய்தி அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று நம்பிக்கை தந்த பிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஓடைக்கரை நிழலில், தரையோடு தரையாக, இதய வடிவ இலைகளோடு வளரும் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் இந்தச் செடியோடு சேர்ந்தே பின்னாளில் வெளியுலகுக்குத் தெரியவந்தன.

மறு ஆண்டே ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே, அகத்தியர் மலைக் காணிப் பழங்குடியினரின் செடி இது என்று எழுதியிருந்தார்கள். இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். 1988-இல் அப்படி எழுதியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பல்லுயிர் உடன்படிக்கையே 1992-இல்தான் வந்தது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002-இல். காட்டில் ஒரு செடியைக் கண்டோம், ஆய்வகத்தில் சோதித்தோம் என்று இரண்டு வரியில் முடித்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

வித்துராவுக்குப் பக்கத்துப் பாலோட்டில் 1979 முதல் இயங்கிவரும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராக வந்த புஷ்பாங்கதன் அந்த ஆராய்ச்சியை அங்கே தொடர்ந்தார். வழிகாட்டிகள் தின்றது காயை; ஆய்வில் இலையிலும் களைப்பு நீக்கும் பொருள்கள் இருப்பது தெரிந்தது. வேறு மூன்று மூலிகைகளோடு இலையைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழு ஆண்டு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் சரிபாதி காணிக்காரர்களுக்கு என்று நிறுவனம் தானாகவே முடிவெடுத்தது. 1997-இல் காணிக்காரர்களின் பெயரில் அறக்கட்டளை பதிவாகி, 1999-இல் 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்குக்குப் போனது. பழங்குடி அறிவுக்கு ஆய்வு நிறுவனம் ஒன்று பங்கு கொடுத்ததற்கு உலகம் காட்டும் முதல் உதாரணங்களில் இது ஒன்று.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பல்லுயிர் பற்றிய கருத்தரங்குகளில் ‘காணி மாடல்’ என்ற பெயரோடு இது பலமுறை வந்துபோகிறது. திரையில் ஒரு செடியின் படம், ஒரு பழங்குடி மனிதரின் படம், 50 விழுக்காடு என்ற எண், பிறகு கைதட்டல். அதற்கு மேல் உள்ளதைத் தெரிந்துகொள்ளாமலே இதைச் சொல்லிப் பெயர் வாங்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆகப்பெரிய வருத்தம்.

ஏனென்றால் 1995 செப்டம்பரில் ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை அவர்கள் எதிர்த்தார்கள். காணிக்காரர் சமூகத்தில் மூட்டுக்காணி ஊர்த்தலைவர், விளிகாணி ஊரைக் கூட்டுகிறவர், பிலாத்தி மருத்துவமும் மந்திரமும் அறிந்தவர். கொக்கரை என்னும் கருவி ஒலிக்கச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்ப்பவர் அவர்தான். எந்த மருந்தை யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்ற பொறுப்பும் அவருடையது. செடியைக் காட்டிய வழிகாட்டிகள் குற்றிச்சல் பஞ்சாயத்தின் சோணாம்பாறைப் பக்கத்தவர்கள். வித்துரா, பெரிங்ஙம்மலை பஞ்சாயத்துகளின் காணிக்காரர்களில் பலரை யாரும் கலந்து பேசவே இல்லை. ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவர் சம்மதித்தால் மலை முழுவதும் பரவியிருக்கும் சமூகம் சம்மதித்ததாகுமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. பழங்குடியினர் செடியைப் பயிரிட்டு விற்கலாம் என்ற ஏற்பாட்டிலும் வனத்துறை குறுக்கே நின்றது. காட்டிலிருந்து செடி திருடப்படும் என்பது துறையின் அச்சம். அது வீண் அச்சமும் இல்லை.

அந்த ஒன்பது பேரை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று ஒதுக்குவது சுலபம். நான் அவர்களை இந்தக் கதையின் முதல்தர அறிவாளிகளில் வைப்பேன். தங்களிடம் இருப்பது என்ன, அது யாருக்குச் சொந்தம், அதைக் கொடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதை அவர்கள் தெளிவாக யோசித்திருந்தார்கள். உலக அமைப்புகள் பல ஆண்டுகள் கூடிப் பேசி, ‘முன்கூட்டிய சம்மதம்’ என்று 2010-இல் நகோயா ஒப்பந்தத்தில் விரிவாக எழுதியதன் உள்ளடக்கம் இவர்களின் ஆட்சேபத்தில் ஏற்கெனவே இருந்தது. புஷ்பாங்கதனின் நேர்மையையும் பிலாத்திகளின் எதிர்ப்பையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்த விஷயம் தெரியும் என்று சொல்லலாம். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

ஒரு பழைய சாட்சிப் பத்திரம்

மூலத்தைச் சொல்வது நம் காலத்தில் கண்டுபிடித்த நாகரிகம் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ அச்சானது. கேரளத்தின் 742 தாவரங்களைப் படத்தோடு விவரிக்கும் லத்தீன் நூல். செய்வித்தவர் கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீட். ஆட்சியாளர், படைத்தலைவர், தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்ள எல்லா அதிகாரமும் இருந்தவர். ஆனால் முதல் தொகுதியின் முகப்பில், சேர்த்தலைப் பக்கத்து ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனின் சாட்சியம் அவருடைய சொந்த எழுத்தான கோலெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி மருத்துவர்களின் சாட்சியமும் இருக்கிறது. செடிகளின் பெயரையும் குணத்தையும் தாங்கள் சொல்லித்தான் எழுதினார்கள் என்று அவர்கள் உறுதி தருகிறார்கள்.

காலனி ஆட்சியின் லாபக்கணக்கு வான் ரீடுக்கும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தப் பக்கங்கள் அச்சாகாமல் போயிருந்தால் இட்டி அச்சுதன் என்ற பெயரே இன்று நமக்குக் கிடைத்திருக்காது. பிற்பாடு லின்னேயஸ் உட்பட எத்தனையோ ஐரோப்பிய அறிஞர்கள் அந்த நூலை எடுத்தாண்டார்கள். அவர்கள் எழுத்தில் நூலின் பெயர் தங்கியது, அச்சுதன் பெயர் தங்கவில்லை. அறிவு கைமாறும்போது முதலில் உதிர்வது, சொல்லிக்கொடுத்தவரின் பெயர்தான்.

அந்த நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தவர் கோழிக்கோட்டுத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால். இதற்காகவே லத்தீன் கற்றார். நூலில் உள்ள செடிகளை அவை வளர்ந்த இடங்களிலேயே மீண்டும் தேடிச் சேகரித்தார். ஆங்கிலப் பதிப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டபோது அவர் வாழ்வில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் கரைந்திருந்தது. 2025 ஜனவரி 1 அன்று அவர் மறைந்தார். இப்படிப்பட்ட உழைப்புக்கு நம் தொலைக்காட்சி விவாதங்களில் இடமே இல்லை. முப்பது ஆண்டு ஒரு நூலோடு இருந்தவருக்கு, முப்பது விநாடியில் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லும் பழக்கம் வராது.

‘எனக்குத் தெரியாது’ என்ற பதில்

இரண்டாவது கேள்விக்கு, அதாவது எதுவரை தெரியும் என்பதற்கு, தமிழில் நமக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரல்லவா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார்.

அந்த நேரத்தில் சாமிநாதையருக்கு வேறு வழிகள் இருந்தன. படித்திருக்கிறேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். அது சமண நூல், சைவனான எனக்கு எதற்கு என்று தட்டிக்கழித்திருக்கலாம். அந்தக் காலத்துப் புலவர் உலகம் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். அவர் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, பிரதியை வாங்கிப் படித்து, புரியாத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போனார். சிந்தாமணி அவர்கள் வீட்டில் வழிவழியாகப் படித்துவரும் நூல். தன்னைவிடக் குறைவாக இலக்கணம் படித்திருக்கக்கூடியவர்கள் முன்னால் அந்தக் கல்லூரிப் பண்டிதர் மாணவராக உட்கார்ந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சானது. ஏட்டுச்சுவடி தந்தவர்களையும் பொருள் சொன்னவர்களையும் நன்றியோடு குறிப்பிடும் வழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அவர் பின்னர் பதிப்பித்த சங்க நூல்கள் நம் கைக்கு வந்ததற்குப் பின்னால், ஒரு மனிதர் தெரியாது என்று சொன்ன ஒரு நாள் இருக்கிறது.

இந்தக் குணத்துக்கு மேல்நாடு, கீழ்நாடு என்ற பேதமில்லை. ஆய்வகம், காடு என்ற பேதமும் இல்லை. வித்துரா மலைக்கே திரும்பி வந்து பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். லட்சுமிக்குட்டி அம்மாவின் பெயர் நாடெங்கும் பரவியதே விஷக்கடி வைத்தியத்தால்தான். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான பெரிய ஆய்வொன்று மதிப்பிட்டது. மருத்துவமனைகளில் தரப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாகத் தந்துவருகிறது. உயிர் காக்கும் நவீன மருந்தின் முதல் கண்ணியாக ஒரு பழங்குடியின் கைத்தேர்ச்சி இருக்கிறது.

ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையில், ரப்பர் தோட்டச் சருகுகளுக்கு நடுவே, மூக்கு மேல்நோக்கிப் புடைத்த சிறு குழிவிரியன் ஒன்று வாழ்கிறது. அது கடித்தால் சிலருக்கு ரத்தம் உறையாமல் போய்ச் சிறுநீரகம் செயலிழக்கும். நெடுங்காலம் அதைச் சுருட்டை விரியன் என்றே மருத்துவமனைகளில் எழுதிவந்தார்கள். நோயாளிகளோடு கொண்டுவரப்பட்ட பாம்புகளைக் கேரள மருத்துவர்கள் சிலர் மீண்டும் எடுத்துக் கவனமாகப் பார்த்து, இதுவரை தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம், நாம் கொடுக்கும் மருந்து இந்த விஷத்துக்குக் கேட்காது என்று 2007-இல் எழுதினார்கள். தங்கள் துறையின் பிழையைத் தாங்களே தேடி எடுத்து வெளியே சொன்ன அந்தச் செயலை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பாம்பு கடித்தவரை உடனே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. அதனால் லட்சுமிக்குட்டி அம்மாவின் அறிவு மதிப்பிழந்துவிடாது. அந்த 500 மருந்துகளில் எது வேலை செய்கிறது, எந்த அளவில், யாருக்கு என்று அவர் சம்மதத்தோடும் பெயரோடும் ஆராய்வதுதான் அவரை உண்மையாக மதிப்பது. காட்டுப் பாட்டி என்று கொண்டாடிச் சால்வை போர்த்திவிட்டு, அவர் சொல்வதில் ஒன்றைக்கூடச் சோதிக்காமல் விடுவது மரியாதைபோலத் தெரியும் அலட்சியம்.

சோதனை என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பச்சிலைக் கதை நினைவுக்கு வரும். 1996-இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். கட்டுப்பாட்டோடு சோதித்தபோது கூற்று நிற்கவில்லை. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவரைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். அவரைவிட, அந்த நாள்களில் மேடையிலும் பத்திரிகையிலும் அவருக்காக வாதாடிய படித்தவர்கள்தான் எனக்கு முக்கியம். எண்ணெய்க் கம்பெனிகளின் சதி, வெளிநாட்டு மோகம், கிராமத்தான் என்ற ஏளனம் என்று எத்தனையோ காரணம் சொன்னார்கள். அவை ஒவ்வொன்றும் வேறு இடங்களில் உண்மையாக இருந்த காரணங்கள்தாம். அதனால்தான் அவை எடுபட்டன. கொப்பரையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் அவர்கள் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆரோக்கியப்பச்சையும் ஒரு பச்சிலைதான். அதைச் சொன்னவர்களும் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர்கள்தாம். அந்தச் செடி மட்டும் ஏன் நின்றது என்றால், யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும்படி அது வெளியே வைக்கப்பட்டது.

இப்போது இதெல்லாம் எதற்கு என்றால், 2023-இல் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பலனைப் பகிர்ந்துகொள்ளும் கடமையிலிருந்து விலக்கு கிடைத்துவிட்டது. வாய்மொழியாக மட்டுமே வாழும் காணிக்காரர் அறிவு அந்த விலக்குக்கு வெளியே இருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் காட்டில் கேட்டதை ஏட்டில் கண்டதாகச் சொல்ல இப்போது ஒரு காரணம் உண்டாகியிருக்கிறது. அப்படிச் சொன்னால் பிடிப்பதற்கு அதிகாரி யாரும் மலையேறி வரப்போவதில்லை. ஆய்வாளரின் மனச்சாட்சி ஒன்றுதான் அங்கே காவல்.

அகத்தியமலையில் ஆராயப்படாத செடிகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பொதிகையின் இந்தப் பக்கம், பாபநாசம் காரையாறிலும் பேச்சிப்பாறையிலும் அதே காணிக்காரர்கள் இருக்கிறார்கள். ஐசரும் பாலோடு நிறுவனமும் நம் திருநெல்வேலி, நாகர்கோவில் கல்லூரிகளும் இந்த மலையைச் சுற்றித்தான் நிற்கின்றன. 1988 கட்டுரையின் தலைப்பில் காணிக்காரர்களின் குலப்பெயர் இருந்தது. ஆசிரியர் பட்டியலில் ஒரு காணிக்காரர் பெயரும் இல்லை. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். இன்றைக்குப் போதாது. அடுத்த செடியைப் பற்றி எழுதப்போகும் மாணவர், கிளம்புவதற்கு முன்பே பிலாத்தியின் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் எழுதாமல் திரும்பி வர வேண்டும். கிடைத்தால், அந்தப் பிலாத்தியின் பெயரை நன்றியுரையில் போடாமல் ஆசிரியர் வரிசையில், தன் பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும்.